மைனஸ் நாற்பத்தொன்று

ஒருவரின் தகுதியைச் சோதிக்கும் குழுவில் அவருடைய உறவினர் இடம்பெறக் கூடாது. தவறி இடம்பெற்றுவிட்டால், உறவு இன்னதென்று எழுத்தில் தெரிவித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். சோதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்காமல் 'தகுதியில்லை' என்று எழுதவும் கூடாது. ராணுவத்தில் பதினேழு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இதைக் காட்டி எத்தனையோ கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேஜர்கள் பல்லைக் கடித்திருக்கிறார்கள். ஆனால் இந்த விதி உண்மையிலேயே தேவைப்பட்ட சமயத்தில் எனக்கு வயது பதினொன்று. குழுவும் நானே, உறவினனும் நானே.

ஓய்வு பெற்றவர் என்றதும் நரைத்த தலையை எதிர்பார்த்து வருகிறவர்கள் என்னைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். சிப்பாய்க்கு ஓய்வு சீக்கிரம் வந்துவிடும். ஆரணியில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் இருப்பவர்களில் நான்தான் இளையவன். ஆகவே இந்த வருடம் சங்கத்துக்கு இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது, அவை என் தலையில்தான் இறங்கின. பென்ஷனுக்காக வருடாவருடம் ஆயுள் சான்று கொடுக்க இன்னொருவன் கடைவாசலில் நிற்காமல் பெரியவர்கள் தாங்களே கொடுத்துப் பழக வேண்டும். அதற்கு முதலில் மவுஸும் கீபோர்டும் கைக்கு வர வேண்டும். அதற்கு எந்தெந்த விளையாட்டை எந்த வரிசையில் கொடுக்கலாம் என்று பட்டியல் போடு என்றார் செயலாளர். முதல் நாளே கலசப்பாக்கத்திலிருந்து வரும் சுபேதார் ஒருவர் மவுஸை மேஜையிலிருந்து தூக்கி, டிவி ரிமோட்டைப் போலத் திரையை நோக்கி நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குரிய அந்தச் சிரிப்பை நான் சின்ன வயதிலேயே சிரித்து முடித்துவிட்டேன்.

அப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். நான்கு மெஷின்கள். அறைக்கு ஏசி போட்டிருந்ததால் கோயிலைப் போலச் செருப்பைப் படியின் மேல்முனையில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோடை விடுமுறைக்கு அப்பா என்னை அங்கே சேர்த்துவிட்டார். நான் கற்றுக்கொண்டது என்னவோ விளையாட்டைத்தான். கார் பந்தயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்த அறைக்குள் மனிதர்களை அளக்க ஒரே அளவுகோல்தான் இருந்தது. ஸ்கோர்.

எங்கள் வீட்டில் அப்போது அத்தை இருந்தார், அப்பாவின் தங்கை. தேவிகாபுரத்தில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமா சீட்டாடுகிறவர். ஆட்டத்தில் தோற்ற அன்று அவர் எப்படி வீடு வந்து சேர்வார் என்பதை என் எதிரில் யாரும் பேச மாட்டார்கள். அத்தையின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது பிறவியிலேயே வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை வீட்டிலிருந்தபடி கிராஃப் போடுவார். சேலையில் வருகிற மயிலும் மாங்காயும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கும். டிசைன் மாஸ்டர் பென்சிலால் உருவத்தை வரைந்து கொடுப்பார். எந்தக் கட்டத்துக்கு வண்ணம், எந்தக் கட்டத்துக்கு ஜரிகை, எது வெறுமை என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்புவது அத்தையின் வேலை. ஒரு கட்டம் பிசகினால் பிளேடால் சுரண்ட வேண்டும். அதிகம் சுரண்டினால் தாள் ஓட்டையாகும்.

அத்தைக்கு இந்த வேலையைக் கொடுத்த சேலை முதலாளி அந்த வருடம் கம்ப்யூட்டர் வாங்கினார். அப்பா நெய்ததும் அவருக்குத்தான். இனிமேல் கிராஃப் அதில்தான் என்றார்கள். பெங்களூரிலிருந்து ஓர் ஆள் வந்து ஒரே வாரம் தங்கிக் கற்றுத்தருவார். அதற்குள் உட்காரப்போகிறவருக்கு மவுஸ் கைப்பழக்கமாகியிருக்க வேண்டும். முதலாளி அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு மாசம் டைம். கத்துக்கினு வந்தின்னா அந்தச் சேர் உனுக்கு."

அப்பா வீட்டில் வேறு விதமாகச் சொன்னார். சேர் கிடைத்தால் தங்கச்சி இங்கேயே இருக்கட்டும். கிடைக்காவிட்டால் ஆடி கழிந்ததும் தேவிகாபுரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம், மாப்பிள்ளை திருந்திவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நானும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்ற மறந்துவிட்டார் என்பதுதான் அந்தப் பேச்சில் என் மனதில் தங்கிய விஷயம்.

இப்படியாக அத்தை மருந்துக் கடை மாடிக்கு வந்தார். பையன்கள் நிறைந்த அறையில் ஒரே பெண். சென்டர் நடத்திய அண்ணனுக்கு வேலை அதிகம். "உங்க அண்ணன் பையன்தான் இங்க கில்லாடி, இவன்கிட்டியே விளையாடிப் பழகுங்கக்கா" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார். சுவரில் அவர் கைப்பட எழுதிய வரிசை ஒன்று இருந்தது. முதலில் சீட்டாட்டம், பிடித்து இழுக்கக் கை பழகும். அடுத்து குண்டாட்டம், இரண்டு பட்டனும் பழகும். பிறகு எழுத்து மழை, கீபோர்டு பழகும். கார் கடைசியில். இன்று யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல வரிசை எனக்கும் தோன்றவில்லை.

நான் சீட்டாட்டத்தைத் திறந்தேன். பச்சைத் திரையில் ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் வரிசையாக விழுந்தன. அத்தை கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது வேணாம்டா."

"இது பொம்மைச் சீட்டு அத்த. யாரும் தோக்க மாட்டாங்க."

"வேணாம்னா உடு. வேற எதுனா போடு."

பேஜார் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டு எழுத்து மழையைப் போட்டேன். எழுத்துகள் மேலிருந்து விழும். தரையைத் தொடுவதற்குள் அதே எழுத்தைத் தட்ட வேண்டும். நாலைந்து நாளில் அத்தை ஓர் எழுத்தையும் தரையில் விழவிடாமல் தட்டினார். அதைப் பெரிதாக நான் மதிக்கவில்லை. அது சின்னப் பிள்ளைகள் ஆட்டம்.

பிறகு குண்டாட்டம். திரை முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள். சிலவற்றின் அடியில் குண்டு இருக்கும். இடது பட்டனால் கட்டத்தைத் திறக்க வேண்டும். குண்டு இருக்கும் என்று சந்தேகப்படும் கட்டத்தில் வலது பட்டனால் சிவப்புக் கொடி நட வேண்டும். மீண்டும் ஒரு முறை தட்டினால் கொடி கேள்விக்குறியாகும். இன்னொரு முறை தட்டினால் வெறும் கட்டம். மூலையில் ஓர் எண், இன்னும் எத்தனை குண்டு மிச்சம் என்று காட்டும். அத்தை இதை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பெரிய கட்டமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் என் காரில் ஏறிவிட்டேன்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருடா, இதுல சுரண்டவே வேணாம். இன்னொரு தட்டு தட்டினா அழிஞ்சிடுது!" அத்தை அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டம்கூடத் திறக்கப்படவில்லை. கடிகாரம் பூஜ்யத்திலேயே நின்றது. திரை முழுக்கக் கொடி. சிவப்புக் கொடிகளால் ஒரு மாங்காய், அதைச் சுற்றிக் கேள்விக்குறிகளால் ஒரு கரை, காம்பில் ஒரு சின்னச் சுழிப்பு. இருக்கிற குண்டுகளைவிட அதிகமாகக் கொடி நட்டால் மூலையில் இருக்கும் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மைனஸ் நாற்பத்தொன்று.

நான் சிரித்தேன். தனியாகச் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. "டேய், ஜல்தியா வாங்கடா" என்று எல்லோரையும் கூப்பிட்டேன். மற்ற இரண்டு நாற்காலிகளும் திரும்பின.

"இன்னாடா இது, உங்க அத்த குண்டு மேல கோலம் போட்டுகினு கீறாங்க!"

"மைனஸ் மார்க்குடா. ஸ்கூல்ல கூட முட்டைதான் குடுப்பாங்க."

அத்தையும் கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த மாங்காயை அழித்தார். ஒரேயடியாக அழிக்க ஒரு பட்டன் உண்டு, அவருக்கும் தெரியும். ஆனாலும் கட்டம் கட்டமாகத்தான் அழித்தார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது முதலாளியின் ஸ்கூட்டர் மருந்துக் கடை வாசலில் வந்து நின்றது. நான் மாடிப்படியின் கீழே அத்தைக்காகக் காத்திருந்தேன். சென்டர் அண்ணன் வெளியே போயிருந்தார். மேலே ஏறிப் பார்க்க முதலாளிக்கு முழங்கால் ஒத்துழைக்காது. என்னைக் கேட்டார்.

"இன்னாடா, உங்க அத்த கத்துக்கினாளா?"

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முதலாளியின் புது கம்ப்யூட்டர் எங்கள் சென்டரில் இருப்பதைவிடப் பெரியது, வேகமானது என்று கேள்விப்பட்டிருந்தேன். அதில் கார் ஓடினால் எப்படியிருக்கும் என்று தினமும் கனவு கண்டேன். அவரிடம் நான் விஷயம் தெரிந்தவனாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

"எங்கங்க, ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல. மைனஸ்ல கீறாங்க."

"மைனஸா!" முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ?"

"நான் எல்லாத்துலயும் பஸ்ட்டுங்க."

"சபாஷ். சனிக்கெழம வந்து புது மெஷினைப் பாரு."

ஸ்கூட்டர் கிளம்பித் தெருமுனையில் திரும்பிய பிறகுதான் அத்தை இறங்கி வந்தார். "செருப்பு மாறிப்போச்சிடா, தேடிகினு இருந்தேன்" என்றார். போகிற வழியில் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்ததற்கான மரியாதை அது என்று எண்ணிக்கொண்டு முழுப் பாட்டிலையும் குடித்தேன்.

நாற்காலி முதலாளியின் சகலை மகனுக்குப் போயிற்று. பெரணமல்லூர்ப் பையன். சனிக்கிழமை நான் தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு போனேன். என்னைத் தொடவிடவில்லை, வாசற்படியில் நின்று பார்க்கச் சொன்னார்கள். பெங்களூர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, பையன் மவுஸைப் பிடித்துக்கொண்டு தடுமாறினான். திரையில் கார் இல்லை, சீட்டு இல்லை. வெறும் கட்டங்கள். ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு கட்டம் சிவப்பாகும். இன்னொரு தட்டில் மஞ்சளாகும். தப்பென்றால் திரும்பத் தட்டினால் வெள்ளையாகும். பாதி மாங்காய் அதில் கோணலாக நின்றது.

வீட்டுக்கு ஓடி வந்து அத்தையிடம் சொன்னேன். "அங்கியும் உன் ஆட்டம்தான் அத்த! ஆனா குண்டு இல்ல. ஒரே போரு."

"அப்பிடியா" என்றார் அத்தை. கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து மடித்தார்.

ஆடி கழிந்து முதல் முகூர்த்த நாளில் அப்பா அவரை தேவிகாபுரம் பேருந்தில் ஏற்றினார். தகரப் பெட்டியை ஏற்றிவிட்டது நான்தான்.

ராணுவத்தில் சேர்ந்து குமாஸ்தா பயிற்சிக்குப் போனபோது, பயிற்சியாளர் முதல் நாளே குண்டாட்டத்தைத் திறக்கச் சொன்னார். ஜெயிப்பது முக்கியமில்லை, எவனும் ஸ்கோரைப் பார்க்காதே, இரண்டு பட்டனும் கைக்கு வந்தால் போதும் என்றார். என் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. "என்ன, தெரியாதா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்றேன்.

அதன் பிறகு அத்தையைக் கல்யாணங்களில் பார்த்தேன், சாவுகளில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் "சாப்ட்டியாடா" என்று கேட்பார். வலது புருவத்திலும் ஒரு தழும்பு வந்திருந்தது. இந்த முறை பிறவித் தழும்பு என்று நினைத்துக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை. மாமா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அப்போதும் நான் எதையும் சொல்லவில்லை.

சங்கத்துக்கான பட்டியலை எழுத உட்கார்ந்த அன்று, முதல் வரியில் 'சீட்டாட்டம்' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். வேறு ஒரு தாளை எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் எழுதினேன். பொருள்: தகுதி குறித்துத் தவறான தகவல் அளித்தமை. பத்தி ஒன்றில் நடந்ததையும், பத்தி இரண்டில் அது என் குற்றம் என்பதையும் எழுதினேன். மன்னிப்புக் கேட்க மூன்றாவது பத்தியை ஒதுக்கியிருந்தேன், எழுத வரவில்லை. அந்த இடத்தில், பெரியவர்களுக்கு முதலில் எந்த விளையாட்டைக் கொடுக்கலாம் என்று தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும் என்று முடித்தேன். நூறு அடி தூரத்திலிருந்து கல் எறிகிற கோழையின் வேலை அது. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, ஆனி மாதத்தில் அனுப்பினேன்.

ஒப்புகை அட்டை அந்த வாரமே வந்தது, அத்தையின் கையெழுத்தோடு. பதில் வரவில்லை. பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் நினைவூட்டல் அனுப்புவது நடைமுறை. அனுப்ப எனக்குத் துணிவில்லை. ஆடி போயிற்று, புரட்டாசி போயிற்று. சுபேதாருக்கு எழுத்து மழையே போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கவர் வந்தது. கோடு போட்ட தாளில், ஒரு பக்கத்துக்கும் குறைவாக.

"சீட்ட மொதல்ல வெக்காத. வர்றவங்கள்ல யார் வீட்ல அதால அழுதாங்கன்னு உனுக்குத் தெரியாது. குண்டாட்டம் குடு. ஜெயிச்சீங்களான்னு கேக்காத. இன்னா பண்றாங்கன்னு கொஞ்ச நேரம் சும்மா பாரு."

கொஞ்சம் இடம் விட்டு, அதன் கீழே:

"அன்னிக்கி நீ மொதலாளிகிட்ட சொன்னது எனுக்கு அப்பவே கேட்டுச்சி. செருப்பு மாறல. நடுப்படியில நின்னுகினு இருந்தேன். ஒடனே இறங்கினா நீ மூஞ்சிய எங்க வெச்சிப்பேன்னு வண்டி போற வரிக்கும் நின்னேன்."

கடிதம் கிடைத்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், காலைத் தபாலில்.