மூன்று பேருக்குக் கட்டில் இல்லை

எங்கள் வீட்டு நடையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கோட்டுப் போட்டு, வகிடெடுத்து வாரிய ஒரு மெலிந்த மனிதர். அம்மாவின் முதல் கணவர், தியாகலிங்கம். நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். தமிழில் மாமாவுக்கு, சித்தப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு எல்லாம் சொல் இருக்கிறது. அம்மாவின் முந்திய கணவருக்கு இல்லை.

"ஒண்டும் கூப்பிடத் தேவையில்லை," என்றார் அப்பா. "அவர் இஞ்ச வரப்போறேல்லை."

அந்தப் படத்தில் தூசு துடைப்பவர் அப்பாதான். துடைத்து முடிந்ததும் படம் எப்போதும் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். அம்மா அந்த வழியால் போகும்போது நேராக்கிவிடுவார்.

அப்பா குலசிங்கம் ஆக்லாந்தில், பாட்டனி டவுன்ஸ் பக்கம், ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளர். சனிக்கிழமைகளில் அங்கே ஜோடி ஜோடியாக வருவார்கள். சப்பாத்தோடு படுக்கலாம் என்று ஒவ்வொரு மெத்தையின் காலடியிலும் ஒரு பிளாஸ்டிக் விரித்திருக்கும். படுத்துக் கூரையைப் பார்த்தபடி அபிப்பிராயம் சொல்வார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார்.

"புதுசாக் கலியாணம் கட்டினதுகள் ஆளைப் பாக்குங்கள். பழசுகள் மெத்தையைப் பாக்குங்கள்," என்பார் வீட்டுக்கு வந்து. பிறகு அம்மாவுக்குக் கேட்கும்படி: "சில பேர் ரெண்டையும் பாக்க வரமாட்டினம்."

அம்மா குணவதி ஒருநாளும் கடைக்குப் போனதில்லை. "நாலு சனம் பாக்க, கட்டில்ல போய்ப் படுக்கிறதோ? எனக்கென்ன விசரே?"

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது அப்பாவின் குடும்பம் சிதறியது. தாய் ஒரு திசை, தம்பிமார் வேறு திசைகள். யாரும் யாரோடும் திரும்பச் சேரவில்லை. ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தது அவர் ஒருவர்தான். மனுகாவில் ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு பெண் மட்டும், "எனக்குச் சுடுதண்ணி காணும்," என்றார். அப்பா அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவ மோர்மன் சபை, கிறிஸ்தவத்தில ஒரு பிரிவு," என்றார் வீட்டுக்காரர். "புருசனும் அவவும் அகதியா வந்த நேரம் பக்கத்து வீட்டுத் தொங்கன் ஆக்கள், தொங்காத் தீவுச் சனம், நல்லாப் பாத்தவை. அப்பிடியே சேர்ந்திட்டினம். தேத்தண்ணி, கோப்பி ஒண்டும் தொடமாட்டினம். மனுசன் போன வருசம் ஹார்ட் அட்டாக்கில செத்திட்டார்."

அப்பா அன்றைக்குத் தன்னுடைய தேத்தண்ணியை முடிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வெள்ளை உடுப்போடு தண்ணீருக்குள் முங்கி எழுந்து, அந்தச் சபையில் சேர்ந்து, அம்மாவைக் கட்டினார். சிநேகிதர்கள் விடவில்லை.

"முருகனை விட்டிட்டியோடா?"

"முருகனுக்கே ரெண்டு பேர். எனக்கு ஒருத்திதான் வேணும். அவர் விளங்கிக்கொள்ளுவார்."

அம்மாவுக்காகச் சேர்ந்தவரை ஒரு போதனை பிடித்துக்கொண்டது. குடும்பம் சாவோடு கலையாது என்பார்கள் அங்கே. அவர்களிடம் கல்யாணம் இரண்டு வகை. ஒன்று சாவு வரைக்கும். மற்றது ஆலயத்துக்குள் முத்திரை வைத்தது. அது சாவுக்குப் பிறகும் செல்லும். அம்மாவும் தியாகலிங்கமும் ஹமில்டன் ஆலயத்தில் முத்திரை பெற்றவர்கள். அப்பாவோடு நடந்தது சாதாரணக் கல்யாணம், சபைக் கூடத்தில். பழைய முத்திரை ஆள் செத்ததும் செல்லாமல் போயிருக்கும் என்று அப்பா நினைத்தார். அம்மா அதைத் திருத்தவில்லை.

மனுகாவில் புதிய ஆலயம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஞாயிறு, கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அப்பா ஞாயிறு வகுப்பு எடுக்கும் தொங்கன் பெரியவரிடம் சந்தோஷமாகக் கேட்டார்: இது திறந்ததும் நாங்கள் மூன்று பேரும் முத்திரை வைத்துக்கொள்ளலாம்தானே? நானும் அம்மாவும் பக்கத்தில் நின்றோம். பெரியவர் நல்ல மனிதர். அப்பாவின் தோளில் கையை வைத்து ஆங்கிலத்தில் ஆறுதலாகச் சொன்னார்: உன் மகனைப் பற்றிக் கவலையே வேண்டாம், பிரதர் குலா. அவன் ஏற்கெனவே உடன்படிக்கைக்குள் பிறந்த பிள்ளை. அவனுடைய அம்மாவுக்கும் பிரதர் தியாகாவுக்கும் இருக்கிற முத்திரைக்குள் அவனும் அடக்கம்.

அப்பா முகத்திலிருந்த சிரிப்பை உடனே எடுக்கவில்லை. யாரோ மறந்து விட்டுப்போன குடை மாதிரி அது அங்கேயே இருந்தது.

காருக்குள் ஏறி, பெல்ட்டைப் போட்டுவிட்டுத்தான் கேட்டார்.

"அப்ப இவன் ஆற்ற பிள்ளை?"

அம்மா கைப்பையைத் திறந்து வீட்டுத் திறப்பைத் தேடினார்.

"சொல்லும் குணம். மேல போனா இவன் ஆரை அப்பா எண்டு கூப்பிடுவான்?" கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சின்னனில கேட்டாயே அனுஷன், அவரை என்னெண்டு கூப்பிடுறதெண்டு. இப்ப சொல் கிடைச்சிட்டுது, என்ன?"

சபைத் தலைவரான பிஷப்பிடம் போனார்கள். சமோவாக்காரர், மென்மையாகப் பேசுகிறவர். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு ஒரு முத்திரைதான் என்றார். நீங்கள் இருவரும் காலமான பிறகு, உங்களுக்காக வேறு யாராவது ஆலயத்தில் அந்தச் சடங்கைச் செய்யலாம். மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார். இல்லையென்றால் சிஸ்டர் குணவதி இப்போதே பழையதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். அது அவருடைய விருப்பம்.

"செத்தாப் பிறகும் நான் லைன்ல நிக்கோணும்," என்றார் அப்பா வீட்டுக்கு வந்து. "நாங்கள் விக்கிற கிங் சைஸிலயும் ரெண்டு தலையணைதான் குணம். மூண்டு பேருக்குக் கட்டில் இல்லை. நீக்கிவிடும்."

அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னார். "ஏலாது."

"ஏன்?"

"அந்த மனுசனுக்குப் பிள்ளை குட்டி இல்லை. தாய் தேப்பன் வேற சமயம். நானும் அறுத்துவிட்டா அங்க தனிய நிக்கும்."

"அப்ப நான்?"

"நீங்கள் எங்க தனிய நிக்கிற ஆள்? போற இடமெல்லாம் சண்டை பிடிச்செண்டாலும் நாலு பேரைச் சேர்ப்பீங்கள்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்ததைக் கண்டேன். அதனாலேயே கோபம் கூடியதையும் கண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை வீட்டில் ஒரு புது மணம். அம்மா சபைக்குப் போகிற சேலையோடு அடுப்படி வாசலில் நின்றார். அப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடு மேசையடியில் உட்கார்ந்து கோப்பையை ஊதிக்கொண்டிருந்தார்.

"இதென்ன?"

"தேத்தண்ணி."

"அது மணக்குது," என்றார் அம்மா. அவ்வளவுதான்.

அந்த மாதமே அப்பா சபையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். பிரதர் குலா என்று கட்டிப்பிடித்தவர்கள் கடைத்தெருவில் மிஸ்டர் குலா என்று கைகொடுத்தார்கள். தமிழ்ச் சிநேகிதர்களுக்குச் சந்தோஷப் புளுகம். குடும்பத்தோடு வந்து தேத்தண்ணி கேட்டுக் குடித்தார்கள். "செத்த ஆளோட மல்லுக்கட்டித் தோத்தது ஆக்லாந்தில நீ ஒருத்தன்தானடா," என்றார் ஒருவர். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர்கள் போனதும் கோப்பைகளை அவரே கழுவினார். அம்மா அந்தக் கோப்பைகளைத் தொடுவதில்லை.

படுக்கையை முன்னறைச் சோபாவுக்கு மாற்றிக்கொண்டார். ஊருக்கெல்லாம் மெத்தை விற்கிறவர் காலை மடக்கிக்கொண்டு சோபாவில் கிடந்தார். அங்கிருந்து பார்த்தால் நடையில் இருக்கிற படம் நேரே தெரியும். அதற்காகத்தான் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தாரோ தெரியாது.

ஆனாலும் ஞாயிறுகளில் அம்மாவைச் சபைக்குக் கூட்டிப்போவது அவர்தான். பிளாஸ்கில் தேத்தண்ணியோடு கார் நிறுத்துமிடத்தில் காத்திருப்பார். அம்மா தனியாக இருக்கக்கூடாதே என்று நான் உள்ளே போவேன். திரும்பி வந்தால் விசாரணை.

"அம்மாக்குப் பக்கத்தில ஆர் இருந்தது?"

"நான்தான் அப்பா."

"மற்றப் பக்கம்?"

"ஒருத்தரும் இல்லை. வெறும் கதிரை."

"வெறும் கதிரை," என்று ஒரு மாதிரிச் சொல்லிக்கொள்வார். காலி நாற்காலியில்கூட அவருக்கு ஒருவர் இருந்தார். என்னிடம் ஒருமுறை, "நீயும் அந்தப் பக்கமோ?" என்றார். நான் அவருடைய மூக்கோடும், அவருடைய அகன்ற காதுகளோடும் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஆலயம் கட்டி முடிந்தது. அர்ப்பணிப்பதற்கு முன் சில வாரங்கள் ஊரிலுள்ள எவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். அம்மா சோபாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ. இப்ப எல்லாரையும் விடுவினம். பிறகு உங்களை விடமாட்டினம். ஒருக்கா வாங்கோ."

அப்பா கடைக்குக் கட்டுகிற டையைக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் சப்பாத்துக்கு மேலே மாட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். "நாங்கள் மெத்தைக்குப் போடுறதை இவை காலுக்குப் போடினம்," என்று என் காதில் சொன்னார்.

முத்திரை வைக்கும் அறை சின்னது. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெரிய கண்ணாடிகள். நடுவில் நின்றால் கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் இன்னொன்று. அப்பாவும் அம்மாவும், அவர்களுக்குப் பின்னால் அப்பாவும் அம்மாவும், சிறிதாகிச் சிறிதாகி, பாசிப்பச்சை நிறத்தில் மங்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துத் தன் மற்றப் பக்கம் இழுத்து நிறுத்தினார்.

"ஹமில்டனிலயும் இப்பிடிக் கண்ணாடி இருந்ததோ?" அப்பா மெதுவாகக் கேட்டார்.

"இருந்தது."

அப்பா கழுத்தைச் சரித்து, அந்த வரிசையின் கடைசி எங்கே என்று பார்த்தார். முன்னால் நின்ற தன்னுடைய தலையே மறைத்தது. மற்றப் பக்கம் சரித்துப் பார்த்தார்.

"ஆரைத் தேடுறீங்கள்?" என்றார் அம்மா.

"ஒருத்தரையுமில்லை."

வழிகாட்டி அடுத்த கூட்டத்துக்கு இடம்விடச் சொன்னார். திரும்பிவரும் வழியில் அப்பா ஒரு வசனம்தான் பேசினார். "வடிவான இடம். முத்திரை ஒண்டைத் தவிர மற்ற எல்லாம் காட்டினவை." அன்றும் சோபாவில்தான் படுத்தார்.

வந்த சனிக்கிழமை அம்மா என் அறைக்கு வந்து, "என்னைப் பாட்டனிக்குக் கூட்டிக்கொண்டு போ," என்றார்.

கடையில் கூட்டம். வாசலில் நின்ற ராகேஷ், அப்பாவோடு வேலை செய்கிற கோயம்புத்தூர்ப் பையன், அம்மாவை அறியான்.

"வாங்கம்மா. என்ன சைஸ் பாக்குறீங்க?"

"ரெண்டு பேருக்கு," என்றார் அம்மா.

அப்பா அந்தப் பக்கம் ஒரு சீனத் தம்பதியோடு நின்றார். எங்களைக் கண்டதும் கையிலிருந்த தலையணையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா ஒரு கட்டிலில் உட்கார்ந்து, கைப்பையை வயிற்றில் வைத்தபடி சாய்ந்து படுத்துவிட்டார். சேலை நுனியைக் கால்வரை இழுத்துவிட்டார். காதுகள் சிவந்திருந்தன.

"குணம், எழும்பும். சனம் பாக்குது."

"பாக்கட்டும். கண்டபடி சோபாவில கிடந்து உங்கட முதுகு வளைஞ்சு போச்சு. வாங்கோ, படுத்துப் பாருங்கோ."

"உம்மட முத்திரை?"

"அதை நான் அறுக்கமாட்டன். அதைக் கேக்காதேங்கோ." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேல நடக்கிறதை மேல போய்ச் சண்டை பிடிப்பம். இப்ப படுங்கோ."

அப்பா படுக்கவில்லை. தலையணையை மார்போடு வைத்துக்கொண்டு குனிந்தார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

"அவரோட நீர் எந்தப் பக்கம் படுக்கிறனீர்?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். வயிற்றிலிருந்த கைப்பை குலுங்கியது. சிரிக்கிறார்.

"எங்களுக்கு ஆர் கட்டில் தந்தது? வந்த புதுசு. நாலு பேர் இருந்த வீட்டில கார்பெட்டுக்கு மேல ஒரு போர்வை. அவர் சாகுமட்டும் நாங்கள் கட்டில் வாங்கேல்லை. என்ர முதல் கட்டில் நீங்கள் இந்தக் கடையில இருந்து கொண்டுவந்ததுதான்."

அப்பா நிமிர்ந்து நின்றார். கடை முழுவதையும், வரிசையாகக் கிடந்த அத்தனை கட்டில்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் தேவையில்லாமலே அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்தார்.

"அண்ணே," என்றான் ராகேஷ், "அங்க கஸ்டமர் வெயிட் பண்றாங்க."

"நிக்கட்டும். நானும் கஸ்டமர்தான்."

இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். சீனத் தம்பதியும் அடுத்த கட்டிலில் படுத்தார்கள். அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"போர்வை எண்டனீர். ஒண்டோ, ரெண்டோ?"