லண்டன் தொப்பியும் ஒரு ஜெர்மன் சொல்லும்

ஸ்டுட்கார்ட்டில் ஒருவர் என்ன உடுத்தாலும் மற்றவர் வாய் திறப்பதில்லை. அதனால் அன்று காலை பஸ் டிப்போவில், என்னைப் போலவே பஸ் ஓட்டும் ஊவே என் தலையைப் பார்த்து, "ஆ, ஷீபர்மூட்ஸே!" என்று சிரித்தபோது திடுக்கிட்டேன். ஜெர்மனில் மூட்ஸே என்றால் தொப்பி. ஷீபர் என்றால் கள்ளச்சந்தைக்காரன் என்றுதான் நான் அறிந்திருந்தேன். பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

தொப்பி என் தம்பி பாலன் லண்டனிலிருந்து அனுப்பியது. சாம்பல் நிறக் கம்பளி, குட்டையான முன்விளிம்பு, தலையோடு தட்டையாகப் படியும். தலைமுறைகளாகத் தொப்பி மட்டுமே செய்யும் ஆங்கிலக் கம்பனியொன்றின் பெயர் உள்ளே தைத்திருந்தது. "இஞ்ச எல்லாரும் சும்மா வெளிய போகேக்க போடுறது அண்ணை. உங்களுக்கு வடிவாயிருக்கும், போடுங்கோ" என்றான் தொலைபேசியில். நாங்கள் இருவரும் லண்டனுக்கென்றுதான் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டோம். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் என் கள்ளப் பாஸ்போர்ட் மட்டும் பிடிபட்டது. கண்ணாடிக்கு அப்பால் பாலன் போகாமல் நின்றான். "போ" என்று கையைக் காட்டினேன். போனான்.

சில நாட்கள் நான் ஊவேயின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவனே வந்து, "நான் என்ன பிழை செய்தேன்?" என்று கேட்டான். சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. கைபேசியில் தன் தகப்பனின் படத்தைக் காட்டினான்; அவர் தலையிலும் அதே மாதிரித் தொப்பி. "இந்த வகைத் தொப்பிக்குப் பெயரே அதுதான்" என்றான். இருவரும் சிரித்தோம். ஆனாலும் எனக்கு மனம் அடங்கவில்லை. இத்தனை வருடம் இந்த மொழியில் உழைத்துச் சாப்பிட்டபின்னும், ஒரு சொல் என்னைப் பிடிபட்டவனாக்கிவிடுகிறதே.

கோடை விடுமுறையில் தொப்பியோடு லண்டனுக்குப் போனேன். "நீங்கள் வரவேண்டிய இடம்தானே, இனியாவது இஞ்சயே வந்திடுங்கோ" என்றான் பாலன், பஸ்ஸில் என் பக்கத்தில் நின்றபடி.

"இனி ஏலாதடா."

"ஏன் ஏலாது?"

காரணம் தேடிக்கொண்டிருந்தபோது பஸ் குலுங்கியது. முன்னால் நின்ற கிழவரின் காலை மிதித்துவிட்டேன். "என்ட்ஷுல்டிகுங்!" என்றேன். மன்னிப்பு எனக்கு அந்த மொழியில்தான் வருகிறது. அவர் என் தொப்பியையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, நீங்கள் ஜெர்மன்காரரா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ்" என்றேன்.

பாலன் சிரிப்பான் என்று திரும்பினேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.