நிறுக்காமல் விட்ட வியாழக்கிழமை

அம்சவல்லி முதலில் வாங்கியது ஒரு பந்து. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் கிடைத்த நீலப் பந்து. காற்றடித்தால் பூசணிக்காய் அளவு வரும். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் தனியாக உட்கார்ந்திருக்கும் வயதானவர்களை வாரம் ஒருநாள் ஒன்றுசேர்க்க வேண்டும், கை கால் அசைய வைக்க வேண்டும், பேச வைக்க வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருந்தாள். வட்டமாக உட்கார்ந்து பந்தைப் போட்டுப் பிடிப்பதும் நர்ஸ் கொடுத்த யோசனைதான்.

முதல் வியாழக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். பந்து இராமையாவின் மடியில் போய் விழுந்தது. அவருக்கு எண்பத்தோரு வயது. முப்பது வருடம் கங்காணியாக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். பந்தை அவர் தொடவில்லை.

"பல்லு மொளைக்கட்டும் புள்ள, அப்புறமா விளையாடுறேன்" என்றார்.

அடுத்த வாரம் படங்களுக்கு வண்ணம் தீட்டக் கொடுத்தாள். மூன்று பேர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். அதற்கடுத்த வாரம் எண்களைக் கூப்பிட்டுக் கட்டம் அடிக்கும் ஆட்டம். கண் தெரியவில்லை என்று பாதிப் பேர் தூங்கிப்போனார்கள். ஐந்தாவது வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் தேநீருக்காக வந்ததாக வெளிப்படையாகவே சொன்னார்.

அம்சவல்லி அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்தவள். இருபத்திரண்டு வயதில் அவளுக்குத் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை கிடைத்தது. விடியுமுன் தாய்மார்கள் போர்வையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு மலைக்கு ஓடுவார்கள். இருபத்தொரு வருடம் தொட்டில் ஆட்டினாள். பிறகு லயத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள். கொழுந்தெடுக்க வங்காளதேசத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், குடும்பம் இல்லாமல். கொட்டகையைப் பூட்டினார்கள். தொழிற்சாலையில் வேலை செய்த கணவன் சில வருடங்களில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை கிடையாது. பிரிஞ்சாங்கில் தாஜுதீனின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனாள். வியாழக்கிழமை அவளுக்குச் சூத்தி. விடுமுறை நாள் அவளுக்குப் பிடிக்காது. பனி இறங்கி எதிர்வீடு மறைந்துவிடும். மாலைவரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மானேஜரிடம் போய்ப் பழைய கொட்டகையின் சாவியைக் கேட்டபோது, வயசானவங்களுக்காக என்று சொன்னாள். அது முழு உண்மையில்லை.

ஆறாவது வாரம் எரிச்சலில் ஒரு காரியம் செய்தாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்க்கத் தாளை வைத்துக்கொண்டு உரக்கப் பெயர் கூப்பிட்டாள். அம்மாக்கண்ணு என்று கூப்பிட்டதும் மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு எழுந்து நின்றாள்.

"இருக்கேன்" என்றாள்.

எழுபத்தொன்பது வயது. இரண்டு வருடமாக நினைவு தப்பிக்கொண்டிருந்தது. மகன் சசிதரனைச் செத்துப்போன கணவன் பெயர் சொல்லி அழைப்பாள். எந்த வியாழக்கிழமையும் அவள் வாய் திறந்ததில்லை. இப்போது கையைக் கட்டிக்கொண்டு, அடுத்து என்ன என்பதுபோல இராமையாவைப் பார்த்தாள்.

பெரட்டு என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்கள் வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. கங்காணி பெயர் கூப்பிடுவார். எந்த நம்பர் மலை, அதில் எந்தச் செடிவரிசை, அதாவது எந்த நிரை என்று ஆளாளுக்குச் சொல்லிவிடுவார். நிரை கிடைத்த ஆள் அதை எடுத்து முடிக்கவேண்டும். சாயங்காலம் கூடையை நிறுத்து, கங்காணி எடையைச் சொல்லி, போலாம் என்றால்தான் அன்றைய நாள் முடியும்.

அந்த வாரமே அம்சவல்லி உட்கார்ந்து திட்டம் போட்டாள். இராமையாவுக்கு அட்டைப்பலகையும் பென்சிலும். மற்றவர்களுக்கு ஸ்ட்ராபெரிக் கடையில் கழித்த பிளாஸ்டிக் கூடைகள். கொட்டகைக்குப் பின்னால் கவாத்து இல்லாமல் தோள் உயரம் வளர்ந்த தேயிலைச் செடிகள் கொஞ்சம் இருந்தன. பத்து மணிக்குப் பெரட்டு; பழைய மலை நம்பர்களையே இராமையா பேருக்குக் கொடுப்பார். பிறகு கால் மணி நேரம் கொழுந்தெடுப்பு. பிறகு தேநீர். கடைசியில் உத்தரத்தில் தொங்கும் பழைய வில்தராசில் நிறுவை.

நிறுவைதான் திருவிழா. அரைக்கிலோ இலையை இராமையா பதினாலு கிலோ என்பார். பக்கத்துக்காரிக்குப் பதினேழு என்பார். உடனே சண்டை தொடங்கும். முப்பது வருடத்துக்கு முந்தைய ஓரவஞ்சனை எல்லாம் அங்கே வெளியே வரும். உன் தராசும் கோணல், உன் கண்ணும் கோணல் என்று கிழவிகள் அவரைத் திட்டுவார்கள். அவர் பலகையைத் தட்டிவிட்டு, போலாம் என்பார். எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். பதினோரு பேரும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

அம்மாக்கண்ணுவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மகன் பெயரை மறந்தவள், வீடு மறந்தவள், இரண்டு இலை ஒரு மொட்டு தவிர வேறெதையும் கிள்ளவில்லை. மருமகள் புனிதா திரிங்காப்பில் பூத்தோட்டத்து வேலைக்காரி. ஒருநாள் வழியில் அம்சவல்லியை நிறுத்தினாள்.

"வியாழக்கிழமைன்னா அவங்களே எடுத்துச் சாப்பிடுறாங்கக்கா. நல்லாத் தூங்குறாங்க. நீங்க என்னதான் பண்றீங்க?"

அம்சவல்லிக்கு அன்று முழுவதும் நடை கொஞ்சம் இலேசாக இருந்தது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை தூறல் நிற்கவில்லை. பெரட்டு நடந்தது. இராமையா அம்மாக்கண்ணுவுக்குப் பன்னிரண்டாம் நம்பர் மலை, மேல் நிரை கொடுத்தார். மழையில் வெளியே கூட்டிப்போக முடியாது என்று அம்சவல்லி தேநீரைப் போட்டாள். அந்த நேரம் தாஜுதீன் போன் செய்தார். சுற்றுலா பஸ் மூன்று வந்து நிற்கிறது, ஒரு ஆள் வரவில்லை, கொஞ்சம் வந்துபோக முடியுமா என்றார். அவள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கூடைகளை அடுக்கத் தொடங்கினாள்.

இராமையாவுக்குப் பிடிக்கவில்லை. "பேரு கூப்பிட்டாச்சு, நெரையும் கொடுத்தாச்சு. நிறுக்காம ஆளை அனுப்புறதா? எந்த ஊரு வழக்கம்லா இது?"

"அடுத்த வாரம் ரெண்டையும் சேத்து நிறுங்க கங்காணி. சம்பளம் ஒண்ணும் கொறையாது" என்று அவள் சிரித்தாள்.

அம்மாக்கண்ணு காலிக் கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லி இழுத்தபோது விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. பஸ் பயணிகளின் தட்டுகளைக் கழுவிமுடிக்க மாலை நான்கு மணி ஆனது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புனிதா வேலைக்குப் போகும் வேனில் ஏறினாள். சசிதரன் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிய லோரியோடு கோலாலம்பூர் போயிருந்தான். வீட்டு முன்கதவுக்கு வெளியே அவன் ஒரு தாழ்ப்பாள் அடித்து வைத்திருந்தான். அம்மா வெளியே போய்விடாமல் இருக்க. புனிதா அதை ஒருநாளும் போட்டதில்லை. மனுசியை உள்ளே வைத்துப் பூட்ட அவளுக்குக் கை வரவில்லை. எட்டு மணிவரை மாமியார் தூங்குவாள். ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. அம்மாக்கண்ணு தனியாக வாசற்படியைத் தாண்டியதில்லை.

ஏழு மணிக்குப் பாய் காலியாக இருந்தது.

லயம் முழுக்கத் தேடினார்கள். கோயில், கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் பார்த்தார்கள். பதினோரு மணிக்குப் பன்னிரண்டாம் நம்பர் மலையில் கொழுந்து வெட்டப்போன வங்காளதேசத்துப் பையன்கள் மேல் நிரையில் அவளைக் கண்டார்கள். செடிகளுக்கிடையே உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். ஒரு காலில் செருப்பில்லை. கைலி மடி நிறைய ஈரக் கொழுந்து.

தானா ராத்தா மருத்துவமனையில் அம்சவல்லி அன்று மாலையே போய் நின்றாள். பன்னிரண்டாம் நம்பர் என்று கேள்விப்பட்டதுமே அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. கட்டிலுக்கு அந்தப்பக்கம் புனிதா, பூத்தோட்டத்து ரப்பர் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அம்மாக்கண்ணு கண்ணைத் திறந்தாள்.

"நிறுத்தாச்சா?"

அம்சவல்லி குனிந்தாள். "நிறுத்தாச்சு பெரியம்மா. பதினெட்டுக் கிலோ."

"கொறச்சுத்தான் போட்டிருப்பான்" என்று அம்மாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டாள். புனிதா போர்வையை இழுத்து மூடினாள். காய்ச்சலில் பிதற்றுவதாக நினைத்திருக்கலாம். நெஞ்சில் சளி கட்டி மூன்றாம் நாள் விடிகாலையில் உயிர் போயிற்று.

சாவு வீட்டில் அம்சவல்லி பாத்திரம் கழுவினாள். அங்கிருந்தபடியே எல்லாம் கேட்டது. சசிதரன் கத்தவில்லை. "ஒரு தாழ்ப்பாளு. அதைக்கூடப் போட முடியல உனக்கு" என்று ஒருமுறை சொன்னான். அதற்குப் பிறகு மனைவியிடம் பேசவில்லை. அவள் நீட்டிய தேநீரை வாங்காமல் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்ததை வாங்கிக் குடித்தான். வந்தவர்கள் பார்த்தார்கள். பெண்கள் அடுக்களையில் தாழ்ப்பாளைப் பற்றியே பேசினார்கள். இரண்டு வருடம் தனியாக வாசல் தாண்டாதவள் அன்று மட்டும் ஏன் போனாள் என்று புனிதா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் தெரிந்தவள் சட்டியில் ஒட்டிய சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சொன்னால் வியாழக்கிழமை முடிந்துவிடும். எல்லா வீட்டிலும் வெளியே ஒரு தாழ்ப்பாள் வந்துவிடும். மீதிப் பத்துப் பேரும் பழையபடி மூலைக்குப் போவார்கள். அவர்களுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அம்சவல்லி தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதுவும் முழு உண்மையில்லை. கொட்டகை இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தது. துக்கம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து பந்தல் பிரிக்கும் நேரத்தில் அவள் போனாள். சசிதரன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவள் ஆட்டிய தொட்டிலில் வளர்ந்த பிள்ளை. எழுந்து நாற்காலி போட்டான். அவள் உட்காரவில்லை.

"சசி, உங்கம்மா வழி தெரியாமப் போகல. வேலைக்குப் போனாங்க. நாந்தான் அனுப்பினேன்."

பெரட்டு விளையாட்டை அவள் சொன்னாள். மழையை, போன் வந்ததை, தான் சிரித்ததை. முடிந்த பிறகு சசிதரன் கேட்டான்.

"நெரை கொடுத்தீங்களா ஆயா?"

"கொடுத்தோம்."

"நிறுக்கல?"

"நிறுக்கல."

அவனும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு உள்பக்கம் திரும்பி, புனிதா, தண்ணி கொண்டா என்றான். அவள் கொண்டுவந்த சொம்பை வாங்கிக் குடித்தான். "நீங்க போங்க ஆயா" என்றான், நிமிராமல்.

புனிதா தெருவரைக்கும் கூட வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று அம்சவல்லி ஒரு கணம் நினைத்தாள்.

"ஆஸ்பத்திரியிலயே உங்களுக்குத் தெரியும்லக்கா?"

"தெரியும்."

"பதினாறு நாள். ஒரே வீட்டுக்குள்ள, அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு. செத்துடலாம்னுகூட இருந்துச்சு. நீங்க அடுக்களையில பாத்திரம் தேச்சிக்கிட்டிருந்தீங்க."

புனிதா திரும்பி நடந்துவிட்டாள்.

விஷயம் இரண்டு நாளில் லயம் முழுக்கப் பரவியது. யாரும் அவளிடம் சண்டைக்கு வரவில்லை. வயதானவர்களை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் மட்டும் இரும்புக்கடையில் தாழ்ப்பாள் வாங்கினார்கள். மானேஜர் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவள் கொட்டகையைத் திறந்தாள். வரவேண்டாம் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மூன்று பேர் வந்தார்கள். இராமையா ஒருவர். பலகையை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தேநீர் குடித்தார்கள். மழை வரும்போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொருவரையும் அவளே வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும்வரை வாசலில் நின்றாள்.

இராமையாவைக் கடைசியாகக் கூட்டிப்போனாள். வழியில் அவர் நின்றார்.

"பன்னெண்டாம் நம்பருக்குப் போன்னு நாந்தான புள்ள சொன்னேன்."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துப் படி ஏற்றினாள். மகன் வேலையிலிருந்து வர ஆறு மணியாகும். உள்ளே குரல் கொடுக்க ஆளில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவரோடு உள்ளே போய் உட்கார்ந்தாள்.