லைன் வந்தால் ஓடும் அண்ணன்

பிள்ளைகளே, பாடாங் செராயில் கடிதம் தட்டச்சு செய்து தரும் ஓர் அண்ணன், கடையை விட்டுச் செம்பனைத் தோட்டத்துக்குள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உங்கள் அக்காவின் உபகாரச் சம்பள மனுவை நான் அன்றே கொடுத்தாக வேண்டியிருந்ததால், அதை அடித்து வாங்க அவரைத் தேடி அங்கேயே போனேன்.

“ஏன்ணே இங்க?”

“டவுன்ல இன்டர்நெட் லைன் இருக்கு தம்பி. லைன் கிடைச்சா இந்தக் கம்ப்யூட்டர் என்னைக் கேக்காமலே அப்டேட் போட்டுக்கும். அது முடியிற வரைக்கும் நான் வாய் பார்த்துட்டு உக்காரணும். இங்க நான்தான் முதலாளி லா.”

பாதி மனுவில் என் கைத்தொலைபேசி அடித்தது. உங்கள் அம்மாதான்.

“ஐயோ, இங்கயும் லைன் வந்திருச்சு!”

மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மோட்டாரில் இன்னும் உள்ளே பறந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பத்து வரிசை தாண்டி ஒரு மரத்தடியில் மனுவை முடித்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

மனு நேரத்துக்குச் சேர்ந்தது. இன்றும் போன் அடித்தால், அவர் எந்த மரத்தடிக்கு ஓடுகிறாரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.