செபஸ்தியன் காத்திருந்த ஒரு வார்த்தை

மாசாய் ஊரில் செபஸ்தியனைக் கண்டால், பிள்ளையை விமானியாக்கப் படிக்க வைத்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். விமானப் பயிற்சிப் பள்ளியில், இந்தப் பிள்ளை வேலைக்குத் தேறுமா தேறாதா என்று கடைசியாகச் சொல்கிற ஆள் அவர்தான். நல்ல மனுஷன், பாவம். வாய்த்த வேலை அப்படி.

இந்த முறை வந்தவள் பக்கத்து வீட்டுச் செல்லப்பன் மகள் லோஷினி. சோதிக்க வேறு ஆளைப் போடுங்கள் என்று செபஸ்தியன் கேட்டுப் பார்த்தார். பள்ளியில் வேறு ஆள் இல்லை. அவள் கைப்பக்குவத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. தரையிறக்கினால் சக்கரம் பட்டதே தெரியாது.

"என் பொண்ணு பெரியவங்கள எதிர்த்து ஒரு வார்த்த பேசினதில்ல" என்று செல்லப்பன் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழி அந்த வீட்டு வாசற்படி ஏறியதே இல்லை.

கடைசிச் சோதனை சிமுலேட்டரில். அறைக்குள்ளேயே பறக்கிற விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செபஸ்தியன் கேப்டன், லோஷினி துணை விமானி. மூவாயிரம் அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று உத்தரவு. அவள் தடுத்துச் சொல்கிறாளா என்று பார்க்க அவர் வேண்டுமென்றே இறங்கினார். எதிரே புலாய் மலை. அவள் உயரம் காட்டும் முள்ளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லும்மா, சொல்லித் தொலையேன் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. திரை முழுக்க மலை வந்து நின்றது. இன்னொரு தரம் செய்தார். அப்போதும் மலைதான்.

"கீழ இறங்குனத பார்த்தியாம்மா?"

"பார்த்தேன், அங்கிள்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேப்டன். உங்களுக்குத் தெரியாததா?"

நிஜ விமானமென்றால் பின்னால் நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தேறவில்லை என்று முடிவு சொன்னார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் செல்லப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். "மரியாத தெரிஞ்ச பிள்ளைன்னு பெயில் போடுவீங்களா, செபஸ்தியன்?" என்று கொதித்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "அவர் செஞ்சது நியாயமா? நீயே கேளு" என்றார்.

பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் இன்னொரு சோதனை வைக்கச் செபஸ்தியனுக்கு அதிகாரம் உண்டு. அவரே எடுத்துக் கொடுத்தால் அதற்கும் தலையாட்டுவாள், அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்போதே அந்த சிமுலேட்டர் அறையைத் திறந்துவிடுகிறேன் என்று காத்திருந்தார்.

லோஷினிக்குக் கண் நிறைந்து வழிந்தது. தலை நிமிரவில்லை.

"அங்கிள் சொன்னா சரியாத்தான் இருக்கும்பா" என்றாள்.