ஐஸுக்குள் இருந்த வெண்ணெய்

மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்த வருஷம் நான் வாங்கிய வெண்ணெயை எல்லாம் ஒன்றாக உருட்டியிருந்தால் ஓர் ஆள் உருவத்தையே பிடித்து வைத்திருக்கலாம். அத்தனை வாங்கினேன்.

அம்மா போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யாவோடு இருக்க, மதுரையில் பார்த்த வேலைக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். நாலு வாய்க்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. எப்படியாவது கொழுப்புச் சத்து உள்ளே போகட்டும், இல்லாவிட்டால் ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்பது அய்யாவின் பழைய பழக்கம். அதைப் பிடித்துக்கொண்டேன்.

கடையில் ஒன்று விடவில்லை. உப்புப் போட்ட மஞ்சள் கட்டி, உப்பில்லாத வெள்ளைக் கட்டி, டப்பாவில் வரும் குழைந்த சமாச்சாரம், சாயல்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் மோர்க்காரம்மா வாழையிலையில் மடித்துத் தந்த உருண்டை. எல்லாவற்றையும் நான் தின்று பார்த்துத்தான் வைத்தேன். மஞ்சள் கட்டி மெழுகாக நாக்கில் ஒட்டியது. மோர்க்காரம்மாவின் உருண்டை நிஜமாகவே அருமை. அய்யா ஒவ்வொன்றிலும் ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். நன்றாக இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. "இது இல்லத்தா" என்பார், அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. செத்துப்போன மனுஷியோடு போட்டிபோட்டு யார் ஜெயிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃப்ரிட்ஜை அணைத்து ஐஸை உருக விட்டேன். மேல்தட்டு முழுக்கப் பாறையாக இறுகிக் கிடந்தது. உருக உருக, பின்சுவரோடு ஒட்டிய ஓர் எவர்சில்வர் டப்பா தெரிந்தது.

எங்கள் வீட்டில் ஒருவர் போனால், அவர் கையால் செய்துவைத்த தின்பண்டம் எதுவும் பதினாறாம் நாளுக்குப் பிறகு வீட்டில் இருக்கக் கூடாது. ஊறுகாய், வடகம், இட்லிப்பொடி எல்லாவற்றையும் நானும் அம்மாவின் தங்கையும் அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் போட்டிருந்தோம். வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "அதத் தேடி வந்துருவாக" என்று மட்டும் சொன்னார் சித்தி. இந்த டப்பா ஐஸுக்குள் இருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை.

திறந்தேன். வெள்ளை வெண்ணெய். தண்ணீர் போவதற்காக அம்மா மூன்று விரலால் அழுத்திவிடுவாள். அந்த மூன்று பள்ளமும் அப்படியே இருந்தன. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தின. பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டேன். அப்போதே கடலில் எறிந்திருக்க வேண்டும். எறியாமல், ரொட்டியில் தடவி அய்யாவிடம் கொடுத்தேன்.

ஒரு வாய் கடித்ததும் அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு மூன்று ரொட்டி தின்றார்.

டப்பா எத்தனை நாளைக்கு வரும்? தீர்வதற்குள் மோர்க்காரம்மாவின் வெண்ணெயை வாங்கி, மிச்சமிருந்த அம்மாவின் வெண்ணெயோடு சேர்த்துப் பிசைந்தேன். தயிருக்கு உறை ஊற்றுகிற கணக்கு. அது தீர்வதற்குள் அதிலிருந்து எடுத்து அடுத்தது. கடைசியில் தினசரிக்கு நான் தேர்ந்தெடுத்த வெண்ணெய் இதுதான். சித்தியிடம் சொல்லவில்லை. பிசைந்து முடித்ததும் என் கை தானாகவே மூன்று விரலால் அழுத்தியது. வேண்டுமென்றே ஒரு நாள் கரண்டியால் மட்டமாக வழித்து வைத்தேன். மறுநாள் திறந்தால் மூன்று பள்ளம். நான்தான் மறந்துபோய் அழுத்தியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எப்படி நினைப்பது?

அய்யா தேறினார். கன்னத்தில் சதை பிடித்தது. பேப்பர் படித்தார். கடல் பாலத்தில் ரயில் தாமதமானால் என்ன விஷயம் என்று விசாரித்தார். புத்தியில் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் காலை ரொட்டியை முழுசாகத் தின்றுவிட்டு, தட்டை நீட்டியபடி என் முகத்தை நேராகப் பார்த்தார். அம்மா போன பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

"நம்ம புள்ள இங்கனதானே இருந்தா, ஆளக் காணோம். மதுரைக்குப் போயிட்டாளா?"

அய்யா, நான்தான் அந்தப் புள்ள என்று சொல்ல வாயெடுத்தேன். தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. சொன்னால் நாளைக்குத் தின்பாரோ மாட்டாரோ.

"போயிட்டா" என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இன்னொரு ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவினேன்.