சிட்டுக்காகக் கோர்ட்டு ஏறிய ரஹ்மத் அக்கா

நல்லூர் மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட வந்த மாடுகளின் வரிசை இன்னும் முடியாத நேரம். வேலிக்கு வெளியே ஆறுமுகம் நின்றிருந்தார். விருத்தாசலம் ஜங்ஷனில் ஜட்கா ஓட்டுபவர். வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிற ஆள் அல்லர்.

"ரஹ்மத் அக்கா போயிட்டாங்க, கம்பவுண்டரே. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு தோணுச்சு."

மத்தியானத் தொழுகை முடிந்து அடக்கம் என்றார். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆறுமுகத்துடனேயே கிளம்பினேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறுபதுகளின் நடுவில் நான் விருத்தாசலம் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். அக்காவின் கணவர் காசிம் பாய் ஜட்கா ஓட்டிவந்தார். சிட்டு என்ற செம்பழுப்புப் பெண்குதிரைதான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. ஒரு மழைநாளில் வண்டி சரிந்து பாயின் இடுப்பெலும்பு முறிந்தது. அவர் படுத்த படுக்கையானதும், ஜங்ஷனில் பல ஜட்காக்களை வைத்து நடத்திய சம்பந்தத்திடம் சிட்டை மாத வாடகைக்கு விட்டார்கள். ஆட்களை மட்டுமே ஏற்ற வேண்டும், மண் பாரம் இழுக்க விடக்கூடாது என்பது பேச்சு. எல்லாம் வாய்ப்பேச்சுதான். பக்கத்தில் நின்று அதைக் கேட்டவர் ஆறுமுகம் ஒருவரே. அவரும் அப்போது சம்பந்தத்தின் வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பாயைப் பார்த்துக்கொள்வதிலேயே அக்காவுக்குப் பொழுது போயிற்று. இடையிடையே சிட்டைப் பார்க்கப் போனால், சவாரிக்குப் போயிருக்கிறது, மேயப் போயிருக்கிறது என்று பதில் வரும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல், பீங்கான் சூளைகளுக்குக் களிமண் கொட்டும் மேட்டுக்கே போய்விட்டார். சற்று நேரத்தில் எங்களுக்கு ஆள் வந்தது.

டாக்டரும் நானும் போனபோது குதிரை வெயிலில் கிடந்தது. விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. தோளில் சீழ் வைத்த புண். முந்தானையை விரித்து அதன் முகத்துக்கு நிழல் பிடித்தபடி அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். பிழைப்பது சந்தேகம் என்றார் டாக்டர்.

"பொழைக்குமா பொழைக்காதான்னு அப்புறம் சொல்லுங்க டாக்டர். இது எப்படி இந்த நெலைக்கு வந்துச்சுன்னு மொதல்ல எழுதிக் குடுங்க," என்றார் அக்கா.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் சிரித்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததோடு அக்கா திரும்பத் திரும்பப் போய் நின்றார். கடைசியில் வழக்குப் பதிவானது. கொடுக்கும்போதே அது சீக்குக் குதிரை என்றார் சம்பந்தம். பிறகு, வேறு இளங்குதிரை தருகிறேன், வழக்கை விட்டுவிடுங்கள் என்று ஆள் அனுப்பினார். வாங்கிக்கொள்ளலாம் என்று காசிம் பாயே சொல்லிப் பார்த்தார். அக்கா மறுத்துவிட்டார். சிட்டுக்கு நடந்ததைச் சிட்டுக்கு நடந்ததாகவே ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கட்சி. அந்தப் பிடிவாதம் அப்போது எனக்கும் சற்று அதிகமாகத்தான் பட்டது.

சாட்சி வேண்டியிருந்தது. ஆறுமுகத்துக்குப் பயம். வாய் திறந்தால் வண்டி போய்விடும். அக்கா அவரிடம் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை.

"அண்ணே, நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க. பாக்காதத எனக்காகச் சொல்ல வேணாம்," என்றாராம்.

ஆறுமுகம் கூண்டில் ஏறி, வாடகைக்கு விட்டபோது பேசியதையும் சொன்னார். சிட்டு களிமண் இழுத்ததைப் பார்த்ததையும் சொன்னார். சம்பந்தத்துக்கு விதித்த அபராதம் சின்னதுதான். வெளியே வந்த அக்காவின் முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை. "இவ்வளவுதானா," என்று ஒருமுறை கேட்டார். பிறகு நேரே எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சிட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

சிட்டு பிழைத்துக்கொண்டது. தோள் ஆறி எழுந்து நிற்கவே பல மாதம் ஆயிற்று. மருந்து போடத் தாமதித்தால் அக்கா என்னையும் விட்டுவைக்க மாட்டார்; அவரிடம் வசவு வாங்காத ஆள் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது. இதற்குள் ஆறுமுகத்தின் வண்டியைச் சம்பந்தம் பிடுங்கிக்கொண்டுவிட்டார். அக்கா ஆறுமுகத்தைக் கூப்பிட்டு, பாய் ஓட்டிய ஜட்காவையும் சிட்டையும் வாடகைக்கு ஒப்படைத்தார். பட்டது போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

"ஒருத்தரு செஞ்சதுக்கு எல்லாரையும் சந்தேகப்பட்டா பொழைக்க முடியுமா தம்பி? அப்ப நான் விடாம போயி பாக்கலை. இப்ப பாப்பேன்."

சொன்னபடியே பார்த்தார். எழுபதுகளில் சிட்டு கண்ணை மூடும்வரை சாயங்காலம் தவறாமல் ஜங்ஷனுக்கு வருவார். ஒருமுறை திருச்சி வண்டியில் வந்திறங்கிய ஒரு குடும்பம், மூட்டை முடிச்சுகளோடு ஜட்காவில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அக்கா குனிந்து ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்த்தார். சேணத்தை விலக்கித் தோளைத் தடவினார். நேரமாகிறது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நிமிரவே இல்லை. பார்த்து முடித்து, கழுத்தில் ஒரு தட்டு தட்டியபின்தான், "போகலாம் அண்ணே," என்றார்.

நேற்று நானும் ஆறுமுகமும் பள்ளிவாசல் வாசலில் நின்று அவரை அனுப்பிவைத்தோம். சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஜட்காக்காரர்களும் இருந்தார்கள்.

போயிட்டு வாங்க, அக்கா.